மாலுமியின் உறக்கம்

முல்லைத்தீவுக் கரையோர மக்கள் 'ஃபாரா 3' என்னும் யோர்தானியக் கப்பலை மறந்திரார். 2006 டிசம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிச் சென்ற அக்கப்பல் இயந்திரம் பழுதுற்று நம் கரையில் ஒதுங்கியது. அங்கே சோர்ந்தது இயந்திரம். கப்பலைச் செலுத்தும் மனிதனே சோர்ந்துவிட்டால் என்னாகும்?

2010 ஏப்பிரல் 3ஆம் திகதி, 'ஷென் நெங் 1' என்னும் சீனக் கப்பல் ஏறத்தாழ 68,000 தொன் நிலக்கரியுடன் அவுஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அன்று மாலை ஐந்து மணியளவில் புகழ்பெற்ற பெருந்தடுப்பு முருகைக் கற்பாறையில் ஏறி நின்றது. இயந்திரம் செவ்வனே ஓடிக்கொண்டுதானிருந்தது. காவலில் நின்றவர், கப்பற்றலைவருக்கு அடுத்த நிலையிலுள்ள அதிகாரி. முந்திய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் அவர் இரண்டரை மணி நேரமே உறங்கியிருந்தார் என விசாரணையில் வெளியாயிற்று. துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவதை மேற்பார்வை செய்தவரும் அவரே! அன்று கப்பலின் வழி மாற்றப்பட்டிருந்தது. திரும்பவேண்டிய வேளையில் கப்பலின் நிலையைக் குறிக்க அவர் தவறினார். மூன்று கிலோமீற்றர் நீளத்துக்கு முருகைக்கல் சிதைந்தது.

நம் வன்னி உழவன் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி இரவெல்லாம் வயற்காவலில் விழித்திருப்பான். மறுநாட் பகலிற் சற்றே கண்ணயர்வான். மாலுமிக்கு அதுவும் அரிது. நான்கு மணி நேரக் காவல், எட்டு மணி நேர விடுப்பு என்பது பழைய முறை. கேட்க இனிதுதான். ஆயின் அந்த எட்டு மணிக்குள்ளேதான் உணவு, பராமரிப்பு, கணக்கெழுத்து, துறைமுக அலுவல் யாவும் அடங்கவேண்டும். காவலுக்கு அதிகாரிகள் இருவரே உள்ள சிறு கப்பல்களிலோ ஆறு மணி காவல், ஆறு மணி ஓய்வு. பயணம் முடியுமட்டும் இதே கதி.

சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றது. அதன்படி நாளொன்றுக்குப் பத்து மணியும், வாரத்துக்கு 77 மணியும் குறைந்தபட்ச ஓய்வாகும். மாணவர்களே, கழித்துப் பாருங்கள்: 168 மணியில் 77 போக எஞ்சுவது 91! வேலை நேரத்தை வாரத்துக்கு 72 மணியென வரையறுக்கும் வேறொரு முறையும் அவ்வுடன்படிக்கையில் உண்டு. எதைக் கொள்வதென்பது அந்தந்த நாட்டின் விருப்பம்.

இந்தச் சொற்ப ஓய்வாவது கிட்டுகிறதா? சுவீடனிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் ஐயமே எழுகிறது. ஓய்வு நேரப் பதிவேடுகள் சட்டத்துக்கு இசையும்படி திருத்தி எழுதப்படுதல் பல கப்பல்களில் வழக்கமாகிவிட்டதாம். காரணம், வேலைக்குப் போதிய ஆளில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் அடுத்த ஒப்பந்தம் கிட்டாதோ என்னும் அச்சம் வேறு.