அருவிக்குக் கீழே நின்றால் வெள்ளம் தெரியாது

2024 மே 17 அன்று, கோடை விடுமுறைக் கூட்டம் பழைய குற்றாலம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். ஜனங்கள் அலறியடித்து ஓடும் செல்போன் காட்சிகள் அன்றே தமிழ்நாடு முழுக்கச் சுற்றின. பார்த்தவர்களில் பலரும் கேட்டது ஒரே கேள்வி: “தண்ணி கூடுறது கண்ணுக்குத் தெரியலையா?” கேட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை முன்பே அறிந்துகொண்டு பார்த்தவர்கள். அருவிக்குக் கீழே நிற்பவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கூடும் தண்ணீர் அவர் கண்ணில் படலாம். அது ஆபத்து என்று மனத்தில் பதிவதில்லை. குற்றாலம் போன்ற இடத்தில் அப்படிப் பதியாமல் போவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் இடத்தின் அமைப்பு. குற்றால அருவிகள் இறங்கும் திரிகூடமலையின் சரிவு செங்குத்தானது. உச்சியில் பெய்யும் மழை பாறையில் வழிந்து வெகு சீக்கிரம் அருவிக்கு வந்துவிடும். மேலே மேகம் மூடியிருக்க, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குற்றாலம் போகத் தென்காசி ரயிலடியில் இறங்குகிறவர் முதலில் விசாரிப்பதே “தண்ணி நல்லா விழுதா?” என்றுதான். தண்ணீர் குறைந்தால் சீசன் டல், கூடினால் கொண்டாட்டம். மற்ற ஆபத்துகள் அப்படியல்ல. புகை நாறும், கண் எரியும். பாம்பைக் கண்டால் உடம்பு தானே பின்வாங்கும். இங்கேயோ ஆபத்தின் முதல் அடையாளமும், டிக்கெட் எடுத்துத் தேடி வந்த சந்தோஷமும் ஒன்றேதான். தண்ணீர் பலப்பட்டதும் கூட்டம் ‘ஹோ’வென்று கூச்சலிட்டு இன்னும் உள்ளே நெருங்குகிறது. நல்ல செய்தி என்று மனம் முத்திரை குத்திவிட்ட ஒன்றை, அடுத்த நிமிடமே கெட்ட செய்தியாக மாற்றி வாசிப்பது எவருக்கும் எளிதல்ல.

கவனத்தின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைக் காட்டினார்கள். கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடுவே வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. பழக்கமில்லாதவர்கள்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. 2013இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் டிராஃப்டன் ட்ரூவும் சகாக்களும் நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியல் மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு படத்தில், வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைச் சேர்த்திருந்தார்கள். 83 சதவீதம் பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண்பார்வை நேராக அந்த உருவத்தின் மேலேயே விழுந்திருந்ததைக் கருவி பதிவு செய்திருந்தது. இத்தனைக்கும் அது வருடக்கணக்கில் பயிற்சி பெற்ற கண்.

அருவியில் குளிப்பவர் நிலை இதைவிட மோசம். தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடி, ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீரின் நிறம் பழுப்பாவதையும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதையும் அவர் பார்க்க வழியில்லை. காதாவது உதவுமா? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் கண்டறிந்த விதி ஒன்று உண்டு. ஏற்கெனவே உள்ள தூண்டல் எவ்வளவு பெரிதோ, அதில் ஏற்படும் மாற்றமும் அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தால்தான் நமக்கு உறைக்கும். கால் கிலோ பையில் நூறு கிராம் கூடினால் கை உடனே கண்டுபிடித்துவிடும். இருபது கிலோ அரிசி மூட்டையில் அதே நூறு கிராம் கூடினால் தெரியாது. பேரிரைச்சலுக்கு நடுவே நிற்பவரின் காதில் இரைச்சலின் முதல் கூடுதல் எட்டுவதே இல்லை. கரையிலிருந்து கத்துகிறவரின் குரல் எப்படி எட்டும்?

ஒருவர் கவனிக்கத் தவறலாம், நூறு பேரில் ஒருவருக்குமா உறைக்காது என்று கேட்கலாம். உறைக்கும். உறைத்தவர் முதலில் செய்வது அக்கம்பக்கம் பார்ப்பது, சிக்கலே அங்குதான். உளவியலாளர்கள் பிப் லாட்டனேயும் ஜான் டார்லியும் 1968இல் வெளியிட்ட பரிசோதனையில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்த மாணவர்களின் அறைக்குள் சுவர்த் துவாரம் வழியே புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கச் சொல்லி இரண்டு பேரை உடன் அமர்த்தியபோது, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதினார்கள். பிறகு கேட்டால் நீராவி என்றார்கள், ஏசியிலிருந்து வருவது என்றார்கள். தன் கண்ணைவிட அடுத்தவர் முகத்தை நம்பும் இந்தப் பழக்கம் அன்றாட வாழ்க்கையில் நன்றாகவே உதவுகிறது. அருவியில் அடுத்தவர் முகத்தில் தெரிவதோ குளியல் சந்தோஷம் மட்டும்.

இதற்கெல்லாம் உளவியல் எதற்கு, குடித்துவிட்டும் ரீல்ஸ் எடுத்தும் ஆட்டம் போடுவதுதான் காரணம் என்பது பலருடைய கட்சி. அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அருவியில் நிற்பவர்களில் பாட்டிகளும் கைக்குழந்தைக்காரர்களும் ஏராளம். பொறுப்பின்மை என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிட்டால் அடுத்த விபத்தைத் தடுக்கும் வழி எதுவும் கிடைக்காது. இன்னொரு வாதம் கனமானது: மலையை அறிந்த உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே கண்டுகொள்வார்களே? உண்மைதான், அறிவு கண்ணைத் திறக்கும். 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் சுமார் 78,000 பேரில் ஏழு பேரே இறந்தார்கள். நிலம் நடுங்கி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று, 1907 பேரலைக்குப் பின் தலைமுறைகளாகச் சொல்லி வளர்த்ததன் பலன் அது. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்ததை வைத்துச் சுனாமியை அடையாளம் கண்டு பலரைக் காப்பாற்றினாள். ஆனால் சிமெலுவேயில் அது ஊர் முழுக்க அறிந்த பாடம். குற்றாலத்தில் மணிக்கொரு தரம் கூட்டமே மாறுகிறது. மதுரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து இறங்குகிறவருக்கு யார் எப்போது சொல்லித் தருவது?

ஆகவே, ஆளின் தீர்மானத்தை நம்பாத அடையாளம் வேண்டும். அதற்கான நல்ல மாதிரி குற்றாலத்தின் பேரருவியிலேயே இருக்கிறது. உச்சியிலிருந்து விழும் தண்ணீர் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் வேகம் தணிந்த பிறகே குளிப்பவர் மேல் இறங்குகிறது. வெள்ளம் மிஞ்சும்போது கல்லும் கிளையும் சேர்ந்து வரக்கூடும். அங்கே கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. இதில் வியாக்கியானத்துக்கு இடமில்லை, குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். அடிக்கடி தடை போட்டால் கடைக்காரர் பிழைப்பு என்னாவது, வெள்ளம் வராமல் போனால் அடுத்த தடையை யார் மதிப்பார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் தடைக்கான காரணம் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்கிறேன். ஒவ்வோர் அருவியிலும் பளிச்சென்ற நீர்மட்டக் கோடு, மலைமேல் மழைமானி, அதோடு இணைத்த சைரன், இரைச்சலை மீறித் தெரியும் சிவப்பு விளக்கு ஆகியவை பெரிய செலவில்லை. அதிகாரிகள் செய்ய வேண்டியது இது. குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போலீஸ்காரர் விசில் ஊதினால், தண்ணீர் அளவாகத்தான் விழுகிறது என்று உங்களுக்குத் தோன்றினாலும், பக்கத்தில் நிற்பவர் நகராவிட்டாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.