உதட்டோரம் துடிக்கிறதா?

கண் துடித்தால் பலன் சொல்லாத வீடு இல்லை. உதடு துடித்தாலும் அதற்கு ஒரு பலன் சொல்லிவிடுவார்கள்.

துடிப்பது சகுனம் அல்ல. சதை!

முகத்துச் சதைகளை ஆட்டி வைப்பது ஒரு நரம்பு. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று உண்டு. அது மூளையின் அடியில் இருந்து புறப்பட்டு, காதுக்குக் கீழே வெளியே வருகிறது. பிறகு மரக்கிளை போலப் பிரிந்து கண், கன்னம், உதடு, தாடை என்று எல்லா இடத்துக்கும் போகிறது. இந்த நரம்பு சும்மா இருக்காமல் தூண்டப்பட்டால் சதை துடிக்கும்.

உதடு துடித்தால் பயப்பட வேண்டுமா? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். துடிப்பு தனியாக வந்ததா? கூடவே வேறு ஏதாவது வந்ததா?

தனியாக வந்தால்

தூக்கம் இல்லை. மனதில் கவலை. உடம்பில் அசதி. அதோடு காப்பியும் டீயும் அதிகம். இப்படிப்பட்டவர்களுக்குச் சில நொடிகள் துடித்து நின்றுவிடும். சில நாள் விட்டு விட்டு வரும். நன்றாகத் தூங்குங்கள். காப்பியைக் குறையுங்கள். பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

சில பிள்ளைகள் வாயை அடிக்கடி சுழிப்பார்கள். அது வேண்டும் என்று செய்வது அல்ல. திட்டினால் கூடும். கண்டுகொள்ளாமல் விட்டால் பல பிள்ளைகளுக்குத் தானே குறையும்.

மரமரப்போடு வந்தால்

உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, கையில் இழுப்பு. இவை சேர்ந்து வந்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கலாம். தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இது வரக்கூடும். வைட்டமின் 'டி' குறைந்தாலும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஒரே பக்கம் இழுத்தால்

முதலில் கண் இமை துடிக்கும். சில மாதங்களில் அதே பக்கத்து வாயும் சேர்ந்து இழுக்கும். தூக்கத்திலும் நிற்காது. மூளையின் அடியில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பின் மேல் அழுத்துவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டு இதை அடக்கலாம். ஆபரேஷனும் உண்டு.

மருந்தாலும் வரும்!

மனநோய்க்கான சில மருந்துகளை நெடுநாள் சாப்பிட்டால் வாய் தானாக மெல்லும்; நாக்கு நீளும். வாந்தியை நிறுத்தும் சில மாத்திரைகளாலும் இப்படி ஆகும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடனே ஓடுங்கள்!

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணிவிட்டதா? கை சோர்ந்து விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? "காற்று அடித்துவிட்டது" என்று மந்திரிக்கப் போகாதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். நேரம் போனால் கை கால் போகும். 108க்குப் போன் செய்யுங்கள்.

வாய் கோணியவர் எல்லாருக்கும் பக்கவாதம் அல்ல. முக நரம்பு மட்டும் வீங்கினாலும் வாய் கோணும். அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாது. இதற்கு மூன்று நாளைக்குள் மருந்து தொடங்குவது நல்லது. எது என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

வாயோரம் வெட்டி வெட்டி இழுத்து எச்சில் வழிந்தால் அது வலிப்பாக இருக்கலாம். காயம் பட்ட சில நாளில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போனால் அது வில்வாத ஜன்னியாக இருக்கலாம். இரண்டுக்கும் ஆஸ்பத்திரிதான் இடம்.

வீட்டில் யாருக்காவது உதடு துடித்தால் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டாம். அவர் முகத்தைப் பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். வாய் நேராக இருந்து, கைகளும் சரியாக இருந்தால், அன்றிரவு சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஆகியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.