ஊசியும் ஒரு சிறு பட்டியலும்

தென்னேரி வட்டாரத்தில் தறியோடு வாழ்ந்தோர் அறிவர்: பட்டுப்புடைவை ஒரே நாளில் முடிவதில்லை. அன்றன்று நெய்த அளவே அன்றைய கணக்கு.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் தேறிவருவோர் எழுதும் இலக்குப் பட்டியலும் அவ்வாறே அமைதல் நன்று. ‘பழையபடி ஆக வேண்டும்’ என்னும் ஒற்றை இலக்கு சோர்வையே தரும். மாறாக, ஒருநாள் பருத்தித் துணியை வெட்டலாம்; மறுநாள் ஒரு பக்கம் தைக்கலாம்; பின்னர்ப் பஞ்சடைக்கலாம். அக்குளில் வைத்துக்கொள்ளும் சிறு தலையணை உருவாகிவிடும். தழும்பின்மேல் கை உராய்வதை அது குறைக்கும். முடியாத வேலை அடுத்த நாளுக்குப் போகட்டும்.

இவ்வழி புதிதன்று. முதலாம் உலகப் போரில் காயமுற்று மருத்துவமனைகளில் இருந்த 100-க்கும் மேற்பட்ட வீரர்கள் தத்தம் பங்கைத் தைத்தனர்; அவை ஒன்றிணைந்த பூவேலைத் துணி 1919-இல் லண்டன் தூய பவுல் பேராலயப் பலிபீடத்தை அலங்கரித்தது.

அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டிருப்பின், மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். அங்குஸ்தான் அணிந்தே தையுங்கள். அந்தக் கையில் ஊசி குத்தினால் உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள். சிவப்போ வீக்கமோ காய்ச்சலோ தோன்றினால் தாமதியாது மருத்துவமனைக்கு வாருங்கள்.

குடும்பத்தினர் ஊசியில் நூல் கோத்துத் தரலாம். தையலை அவர் கையே முடிக்கட்டும்.