பதினொரு மணிக்குக் காலியாகும் பந்தல்

வராளி ராகத்தைப் பாடம் சொல்லக் கூடாது என்று பாட்டு வாத்தியார்கள் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் மனஸ்தாபம் வந்துவிடுமாம். எங்கள் டீச்சரும் அப்படித்தான். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளில் நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ ஆகிய நான்கையும் அடி அடியாகச் சொல்லிக் கொடுத்தார். வராளிக்கு வந்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டார். "அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வரவழைச்சுக்கணும்" என்றார்.

எங்களுக்கு அது வந்த இடம் கார். சென்னையிலிருந்து திருவையாறு போகிற வழியில், மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும் தியாகராஜ ஆராதனை நாளான பகுள பஞ்சமிக்கு முந்தைய நாள், வருடத்துக்கு ஒரு தடவை என்று ஒன்பது வருடங்களாகக் கேட்டுக் கேட்டு வந்தது.

நாங்கள் நான்கு பேர். நங்கநல்லூரில் ஒரே டீச்சர் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து சரளி வரிசை பாடியவர்கள். இன்று ஒருத்தி வங்கியில், ஒருவன் மென்பொருள் நிறுவனத்தில், ஒருவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நான் பத்திரிகையில். கச்சேரி மேடை ஏறும் அளவுக்கு யாருக்கும் வரவில்லை. ஆனால் பஞ்சமி காலையில் தியாகராஜர் சமாதிப் பந்தலில் உட்கார்ந்து ஐந்தையும் பாட யாரும் எங்களைத் தடுக்கப் போவதில்லை. டிக்கெட் கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. வித்வானுக்குப் பின்னால் நாலாவது வரிசையில் நாமும் உட்காரலாம், பாடலாம். அதற்காகத்தான் இந்த முந்நூறு சொச்சம் கிலோமீட்டர்.

விக்கிரவாண்டியில் இடது பக்கம்

மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்புவோம். திண்டிவனம் தாண்டும் வரை ஊர்க்கதை. விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டு இடது பக்கம் திரும்பியதும் பாட்டைப் போடச் சொல்லுவாள் வங்கிக்காரி. பண்ருட்டி வருவதற்குள் நாட்டையும் கௌளையும் முடிந்துவிடும். நெய்வேலிப் புகைபோக்கிகள் தெரியும்போது ஆரபி. ஐந்துமே ஆதி தாளம் என்பதால் கணக்கு வாத்தியாருக்குத் தொடையே மிருதங்கம். வடலூரில் காபி. சேத்தியாத்தோப்பு தாண்டி, வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் வராளி. அதை மட்டும் இரண்டு தடவை, மூன்று தடவை போடுவோம். முதல் தடவை வாயே திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு சட்டம்.

அணைக்கரையில் வண்டி மெதுவாகத்தான் போக வேண்டியிருந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே பழைய பாலம், கீழே மதகுகள். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடிகிற வரை காத்திருப்போம். ஆர்தர் காட்டன் இந்தக் கீழணையைக் கட்டியது 1836ல். தியாகராஜருக்கு அப்போது 69 வயது, திருவையாற்றில் இருக்கிறார். இதை முதல் தடவை கணக்குப் போட்டுச் சொன்னவன் கணக்கு வாத்தியார்தான். அன்றிலிருந்து அந்தப் பாலத்தில் காத்திருந்தது எங்களுக்குச் சலித்ததில்லை. அவர் காலத்துக் கல் மேல் நிற்கிறோம் என்று ஒரு சந்தோஷம்.

கும்பகோணத்தில் ராச்சாப்பாடு. பிறகு சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியாகக் காவிரியை ஒட்டிய சாலை. மேட்டூர் அணையை ஜனவரி 28 வரை திறந்து வைப்பது வழக்கம் என்பதால், தண்ணீர் இருக்கும் வருடங்களில் ஆற்றில் ஓட்டம் இருக்கும். கண்ணாடியை இறக்கினால் அறுத்த நெல்லின் வாசனை வரும். அந்த இடத்தில் யாரும் சொல்லாமலே பாட்டை நிறுத்திவிடுவோம்.

ஒன்பது மணிக்கு ஒரே குரல்

பஞ்சமி அன்று விடியும்போதே நாகஸ்வரம் கேட்கும். தியாகராஜரின் திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை கிளம்பிச் சமாதிக்கு வந்து சேரும். எட்டு மணிக்கெல்லாம் பந்தலில் இடம் பிடித்துவிட வேண்டும். ஆண் வித்வான்கள் ஒரு பக்கம், பெண் வித்வான்கள் எதிர்ப்பக்கம், நடுவில் சந்நிதியைப் பார்த்த வழி. முதலில் பைரவியில் புல்லாங்குழல். அது அடங்கியதும் நாட்டை எழும்பும்.

போன தடவை எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள். எழுபதைத் தாண்டியிருப்பார். மடியில் பழுப்புக் காகித அட்டை போட்ட நோட்டு. தெலுங்குச் சாகித்தியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, நீட்ட வேண்டிய இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்திருந்தார். நோட்டைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் விரல் மட்டும் வரிக்கு வரி நகர்ந்துகொண்டே இருந்தது. வராளி வந்தபோது பந்தலில் குரல்கள் கொஞ்சம் குறைந்தன. பலருக்கும் அது அரைகுறைதான் போலும். அந்த அம்மாளின் குரல் குறையவில்லை. நாங்கள் நால்வரும் அவரைப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தோம். ஸ்ரீராகத்தில் மறுபடியும் ஊரே சேர்ந்துகொண்டது.

அந்த ஒரு மணி நேரத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் எழுத வந்தது அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி.

தீபாராதனை முடிந்தால் மணி பத்தரை. கூட்டம் எழுந்துவிடும். சந்நிதியில் ஒரு கும்பிடு, கடைத்தெருவில் அரைக் கிலோ அசோகா அல்வா, வண்டியில் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்குச் சென்னை. பதினொரு மணிக்குப் பந்தலைப் பார்த்தால், காலையில் கால் வைக்க இடமில்லாமல் இருந்த இடம் அதுதானா என்று தோன்றும். தரை விரிப்பு முழுக்கத் தெரியும்.

இதை நான் குற்றம் சொல்லி எழுதவில்லை. முதல் ஆறு வருடமும் நாங்களும் அப்படித்தான் எழுந்து போனோம்.

வண்டி கிளம்பாத வருடம்

ஏழாவது வருடம் கார் கிளம்பவில்லை. பேட்டரி உயிரை விட்டுவிட்டது. தஞ்சாவூரிலிருந்து மெக்கானிக் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். வெயிலில் நிற்பதற்குப் பந்தலே தேவலை என்று திரும்பி உள்ளே போனோம்.

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அது ஓயவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வழக்கமாக ஐந்து நாள் உற்சவம். காலையிலிருந்து நள்ளிரவு நெருங்கும் வரை ஒருவர் மாற்றி ஒருவர் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஒருவர் பாடி முடிப்பதற்குள் அடுத்தவர் சுருதி சேர்த்துத் தயாராக இருக்கிறார். பெரிய வித்வானுக்கும் சில நிமிடங்கள்தான், நேற்று அரங்கேறியவருக்கும் சில நிமிடங்கள்தான். சன்மானத்துக்காக இங்கே யாரும் வருவதில்லை.

மதியம் இரண்டு மணி இருக்கும். பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மேடைக்கு வந்தாள். புதுப் பட்டுப்புடவை, கட்டிப் பழக்கமில்லை என்று தெரிந்தது. வயலின் வாசிக்க உட்கார்ந்தவருக்கு வணக்கம் சொல்லி, என்ன பாடப் போகிறேன் என்று காதோடு சொன்னாள். இருவருக்கும் அதுதான் முதல் சந்திப்பு. முகாரியில் ஒரு கிருதி எடுத்தாள். அனுபல்லவியில் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் ஒரு நொடி கண்ணைத் திறந்து எதிரே பார்த்தாள். பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை, சுத்தமாகப் போய் நின்றது. கணக்கு வாத்தியார் தாளம் போடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

அவள் பார்த்தபோது எதிரே இருந்தவர்களை நான் எண்ணினேன். எங்களையும் சேர்த்து இருபத்தேழு பேர். அதில் நாலைந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது அவள் அப்பாவிடம் பேசினோம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. "நல்லாப் பாடினா சார் உங்க பொண்ணு" என்றேன். சந்தோஷப்பட்டார். சற்றுப் பொறுத்து, "கீழ எத்தனை பேருன்னு நான் எண்ணல சார். அவ எண்ணியிருப்பா" என்றார்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார், பேட்டரி மாற்றினார். நாங்கள் கிளம்பவில்லை. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். அன்று கேட்ட குரல்களில் இரண்டு மூன்றாவது இன்னும் பத்து வருடத்தில் பெரிய சபாக்களில் கேட்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

அவர் போட்ட மேடை

சென்னை மார்கழி சீசன் முழுக்க ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கே முன்வரிசை நிறைகிறது. மதியக் கச்சேரி பாடும் இளைஞர்களுக்கு அங்கேயும் காலி நாற்காலிதான். திருவையாறு அப்படி ஆகக் கூடாது. ஏனென்றால் அந்த மேடை சும்மா வந்ததல்ல.

1920களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்து பார்த்தபோது அந்தச் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. தேவதாசி மரபில் பிறந்து, பாட்டில் சம்பாதித்த சொத்தையும் நகையையும் போட்டு நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்ற காலம் அது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து உற்சவம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். பிரிந்து கிடந்தவர்கள் 1940ஐ ஒட்டி ஒன்றானார்கள், பெண்களும் பாடினார்கள். 1952ல் காலமான அவருக்கு அங்கேயே சமாதி. சந்நிதியைப் பார்த்துக் கைகூப்பியபடி உட்கார்ந்திருக்கும் சிலையை இன்றும் பார்க்கலாம்.

அந்தப் பட்டுப்புடவைப் பெண் ஏறியது அவர் போராடி வாங்கிக் கொடுத்த மேடை. பாட இடம் கிடைத்துவிட்டது. கேட்க ஆள் வேண்டாமா? பாடுகிறவருக்குப் பாதி பலம் கேட்கிறவரிடமிருந்துதான் வருகிறது. தலையசைக்கும் ஒரு ஆள், சரியான இடத்தில் ஒரு 'பலே', இது போதும், பதினாறு வயதுக் குரல் நிமிர்ந்துவிடும். அது இல்லாமல் நாலு வருடம் பாடினால் அந்தப் பெண் வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். நமக்கு யார் போனார்கள் என்றுகூடத் தெரியாது.

பாடுகிறவர்களின் எண்ணிக்கை அதிகம், குறைத்தால் தரம் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையே என்ற குறை 1940களின் தமிழிசை இயக்கக் காலத்திலிருந்தே உண்டு. நேரலையில் வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்பாரும் உண்டு. எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் எந்த மொழியில் யார் பாடினாலும், எதிரே ஆள் இல்லாத பந்தலில் அது வளராது. நேரலை பார்க்கிறவர் தலையசைப்பது மேடைக்குத் தெரியாது.

நண்பர்கள் சேர்ந்து வண்டி எடுத்துக்கொண்டு வருவது இப்போது வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கார் நிறுத்துகிற இடத்தில் பெங்களூர் வண்டியும் கோயம்புத்தூர் வண்டியும் நிற்கின்றன. இது நல்ல காலம். வருகிறவர்களில் காருக்கு ஒருவர், ஒரே ஒருவர், மாலை வரை இருந்தால் அந்தப் பந்தலின் முகமே மாறிவிடும்.

அடுத்த பஞ்சமிக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மறுநாளுக்கும் சேர்த்து லீவு சொல்லிவிடுங்கள். தங்கத் தஞ்சாவூரில் அறை எடுங்கள், பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர்தான், டவுன் பஸ் இருக்கிறது. பஞ்சரத்தினம் முடிந்ததும் சாப்பிட்டு, புஷ்ய மண்டபப் படித்துறையில் கொஞ்சம் காலை நனைத்துவிட்டு, இரண்டு மணிக்குப் பந்தலுக்குத் திரும்பிவிடுங்கள். பின்னால் தூணில் சாய்ந்து உட்காராதீர்கள். மேடையில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரிகிற மாதிரி முன்னால் உட்காருங்கள். செல்போனைப் பையில் வையுங்கள். பெயர் தெரியாத ஐந்து பேரையாவது முழுசாகக் கேளுங்கள். பிடித்திருந்தால் பாடி இறங்கியதும் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அல்வாக் கடை ராத்திரியும் திறந்திருக்கும்.