நோய் தாங்கும் மஞ்சள் ரோஜா: தேர்ந்தெடுப்பது எப்படி?

தோட்டத்து ரோஜாக்களில் எளிதில் நோய்க்கு ஆளாவது மஞ்சள்தான் என்பது ரோஜா வளர்ப்போர் நெடுநாளாக அறிந்த செய்தி. பக்கத்தில் சிவப்பும் இளஞ்சிவப்பும் தழைத்து நிற்க, மஞ்சள் பூக்கும் செடி மட்டும் மழைக்காலம் முடிவதற்குள் இலைகளை உதிர்த்துக் குச்சியாக நிற்பதுண்டு. பராமரிப்பில் குறை இல்லாவிட்டாலும் இது நேரும். அந்த நிறம் தோட்டத்துக்கு வந்த வழியிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது.

நிறத்தோடு வந்த பலவீனம்

பழைய ஐரோப்பியத் தோட்டங்களில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் சிவப்புமே பெருவாரியாக இருந்தன. மஞ்சள் நிறம் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. முதல் வழி சீனா. 1824-இல் ஜான் பார்க்ஸ் என்பவர் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காக ஒரு வெளிர்மஞ்சள் ரோஜாவை அங்கிருந்து கொண்டுவந்தார். இத்தகைய சீன ரோஜாக்களிலிருந்து பெருகியவையே டீ ரோஜாக்கள். இவை வெயிலைத் தாங்கும்; திரும்பத் திரும்பப் பூக்கும்; ஆனால் கடும் உறைபனியில் பட்டுப்போகும். இவற்றின் மஞ்சளும் பெரும்பாலும் வெளிறியதே.

அடர்மஞ்சள் வந்தது மேற்காசியாவிலிருந்து. அங்கே இயற்கையாக வளரும் ரோசா ஃபெடிடா என்ற இனத்தின் அடுக்கு இதழ் வகைக்குப் பெர்ஷியன் யெல்லோ என்று பெயர். பிரான்சின் லியோன் நகரில் ரோஜா வளர்த்த ஜோசப் பெர்னே-துஷே, அதைச் சிவப்பு ரோஜா ஒன்றோடு கலந்து, பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1900-இல் சொலேய் தோர் என்ற புதிய வகையை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. 1945-இல் வெளிவந்து உலகப்புகழ் பெற்ற பீஸ் ரோஜாவும் இதில் அடங்கும்.

ரோசா ஃபெடிடாவுக்குக் கரும்புள்ளி நோயை எதிர்க்கும் திறன் மிகக் குறைவு. கோடை வறண்டிருக்கும் மலைப்பகுதிகளில் அதற்கு இது பெரிய குறையாக இல்லை. மழையும் ஈரமும் மிகுந்த ஊர்களில் வளர்ந்த அதன் வழித்தோன்றல்களோ நிறத்தோடு இந்தப் பலவீனத்தையும் சுமந்தன.

செடியை மெலிவிக்கும் நோய்கள்

கரும்புள்ளி நோயை உண்டாக்குவது டிப்ளோகார்பன் ரோசே என்ற பூஞ்சை. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் போல நனைந்திருந்தால் வித்து முளைத்து உள்ளே புகும். ஓரம் கலைந்த கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் இலை மஞ்சளாகி, அடியிலிருந்து மேல்நோக்கி உதிரத் தொடங்கும். இலை போனால் செடி உணவு தயாரிக்க முடியாது, பூ குறையும், கிளைகள் நுனியிலிருந்து காயும். குளிர்நாடுகளில் இப்படி மெலிந்த செடி பனிக்காலத்தைத் தாண்டுவது கடினம். ஆகவே நோய் தாங்குவதும் பருவம் தாங்குவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

சாம்பல் நோய்க்கு இலையில் ஈரம் நிற்க வேண்டியதில்லை. பகல் வெதுவெதுப்பும் இரவுக் குளிர்ச்சியும் காற்றில் ஈரப்பதமும் இருந்தால் போதும். இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் வெண்பொடி படரும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொட்டுகளாகத் தெரிவது துரு நோய்.

சோதித்துத் தேறியவை

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ரோஜா வளர்ப்பு பூஞ்சைக்கொல்லியை நம்பியே நடந்தது. பூவின் வடிவமும் நிறமும் பார்த்து வகைகள் தேர்வாயின. இலையின் நலத்தை மருந்து பார்த்துக்கொண்டது. ஜெர்மனியில் இந்தப் போக்கு மாறியது. அந்நாட்டின் ஏடிஆர் என்ற ரோஜாத் தேர்வில் 1997 முதல் பூஞ்சைக்கொல்லி அறவே கூடாது. வெவ்வேறு தட்பவெப்பமுள்ள பல தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் மருந்தின்றி நின்று காட்டும் வகைக்கே முத்திரை கிடைக்கும். பின்னாளில் தளர்ந்துபோனால் முத்திரை திரும்பப் பெறப்படும். மஞ்சளில் இத்தேர்வில் தேறியவற்றுள் கோர்டெஸ் நிறுவனத்தின் கொடி ரோஜாவான கோல்டன் கேட் ஒன்று.

அமெரிக்காவில் 2006-இல் அந்நாட்டு ரோஜாத் தேர்வுப் பரிசு பெற்ற ஜூலியா சைல்ட், வெண்ணெய் மஞ்சள் நிறமும் குட்டையான புதர் வடிவமும் கொண்டது. மஞ்சளுக்கு அரிதான அளவில் நோய் தாங்குகிறது. நாக் அவுட் ரோஜாவை உருவாக்கிய வில்லியம் ராட்லரின் மஞ்சள் வகைகள் இலை நலத்தில் சிறந்தவை. ஆனால் பூ விரிந்த சில நாளில் வெளிறிவிடும். பெரும்பாலும் நிறத்தின் அடர்த்திக்கும் செடியின் உறுதிக்கும் இடையே ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த ஊருக்கு எது?

செடியின் உறுதி ஊருக்கு ஊர் வேறுபடும். கனடாவின் பனிச் சமவெளிக்காக அந்நாட்டு அரசு ஆய்வு நிலையம் உருவாக்கிய மோர்டன் சன்ரைஸ், நியூயார்க்கில் 1830 வாக்கில் தோன்றிய ஹாரிசன்ஸ் யெல்லோ ஆகியவை கடுங்குளிரைத் தாங்கும். பின்னது ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். வெப்பமான டெக்சஸில் பல்கலைக்கழகச் சோதனையில் தேறியதோ, வெளிர்மஞ்சள் டீ ரோஜாவான மிஸஸ் டட்லி கிராஸ். அங்கே கோடை வெயிலைத் தாங்குவதே முக்கியம்.

தமிழ்நாட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. மழையும் மூடுபனியும் சூழ்ந்த ஊட்டி, கொடைக்கானலில் கரும்புள்ளியை எதிர்க்கும் வகையே முதல் தேவை. சமவெளியில் வெயிலுக்கு வாடாத செடியும், பூ வெளிறினாலும் அழகு கெடாத நிறமும் பார்க்க வேண்டும். கரும்புள்ளிப் பூஞ்சையில் பல உட்பிரிவுகள் இருப்பதால் ஓர் ஊரில் நோயே காணாத வகை இன்னோர் ஊரில் பாதிக்கப்படலாம்.

வாங்கும்போதும் நட்ட பிறகும்

நர்சரிச் செடிகள் பல பெயர்ச்சீட்டு இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. அப்போது செடிதான் சான்று. மழைக்காலத்தின் இறுதியில் போய், பூவை விட்டுவிட்டு அடி இலைகளைப் பார்ப்பது நல்லது. தடிப்பும் பளபளப்பும் உள்ள இலைகள் அடிவரை நிற்கும் செடி நம்பத்தக்கது; நுனியில் மட்டும் தழை வைத்திருப்பது ஏற்கெனவே இலை உதிர்த்தது. ஒட்டுச்செடியானால் ஒட்டு இணைந்த இடம் உறுதியாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளைக்கும் துளிரை அவ்வப்போது நீக்காவிட்டால், அதுவே வளர்ந்து நல்ல வகையை அமுக்கிவிடும்.

நோய் எதிர்ப்பு எவ்வளவு இருந்தாலும் நிழலிலும் நெருக்கத்திலும் அது பலன் தராது. நாளுக்கு ஆறு மணி நேர வெயில், செடிகளுக்கிடையே காற்றோட்டம், தண்ணீர் தேங்காத மண் ஆகியவை வேண்டும். தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் வேரடியில் ஊற்ற வேண்டும். பூஞ்சை தங்கும் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்ற வேண்டும். கவாத்தின்போது நடுவில் அடர்ந்த கிளைகளை நீக்கினால் இலைகள் விரைவில் உலரும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பருவம் தொடர்ந்து இலை உதிர்க்கும் செடிக்கு மருந்தடித்துக்கொண்டே இருப்பதைவிட, அதை எடுத்துவிட்டு வேறு வகை நடுவதே மேல்.