பிடியரிசி



பழைய திருநெல்வேலிச் சீமையில் மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி ஆகிய ஊர்களின் பெரிய ஆலயங்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றை எழுப்பியவர் பெயரைக் கல்வெட்டுக் கூறும். சபையை நாள்தோறும் தாங்கிய பெண்மணிகளின் பெயரை எக்கல்லும் கூறாது. அவர்களுள் ஒருவர் என் பாட்டியார்.

அவர்கள் கையாண்ட முறைக்குப் பிடியரிசிக் காணிக்கை என்பது பெயர். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னரே ஒரு பிடி எடுத்து ஓலைப்பெட்டியில் இடுவர். வாரம் ஒருமுறை சபைப் பெண்கள் இருவர் வீடுதோறும் சென்று அதனைச் சேர்ப்பர். விற்ற பணம் சபைக் கணக்கில் ஏறும்.

இம்முறை ஏன் வேரூன்றியது? பனைத்தொழில் ஆண்டில் சில மாதங்களே வருவாய் தரும். பெண்கள் கையில் காசு புழங்குவது அரிது. ஆனால் அடுப்பங்கரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. ஆகவே காசில்லாதவளும் கொடுப்போர் வரிசையில் நின்றாள்.

ஒரு பிடி என்ன செய்துவிடும் என எண்ண வேண்டா. பிடிக்கு 40 கிராம் எனக் கொண்டால், ஒரு வீட்டில் ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேல். நூறு வீட்டில் ஏறத்தாழ 1,460 கிலோ! 1903-இல் திருநெல்வேலியில் தோன்றிய இந்திய மிஷனெரிச் சங்கம், இந்தியர் பொருளைக் கொண்டே இந்தியர் நடத்துவது என்னும் கொள்கையுடையது. அதன் முதற் செயலாளரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அத்தகைய முயற்சிகளுக்குச் சிறுகாணிக்கைகளே உரம்.

பாட்டியாரின் ஆங்கிலிக்கன் சபை 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. சபையின் பெயர் மாறிற்று, ஓலைப்பெட்டி மாறவில்லை.

நான் சிறுவனாயிருந்தபோது ஓர் ஆண்டு மழை பொய்த்தது. வீட்டில் ஒருவேளைதான் உலை ஏறியது. “இந்த மாதம் நிறுத்திக்கொள்ளலாமே, அத்தை” என்றார் என் தாயார். “பிள்ளைகள் பங்கில் கைவைக்க மாட்டேன், தாயி. என் பங்கிலே எடுத்துக்கொள்கிறேன்” என்று கூறிய பாட்டியார், வடித்த கஞ்சியைக் குடித்துப் படுத்தார்.

எங்கள் நிலை அறிந்த சபைப் பெண்கள், அவ்வாரம் இரக்கத்தால் எங்கள் வாயிலைக் கடந்து சென்றனர். பாட்டியார் பெட்டியைத் தலையில் வைத்து, வெயிலில் ஆலயத்திற்கு நடந்தார். “கொடுக்கிற வீட்டை வாங்குகிற வீடாக்கிவிடாதீர்கள், அம்மா” என்றார். அவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டனர். அடுத்த வாரமுதல் எங்கள் வாயிலைக் கடக்கவில்லை.

உண்டு மிஞ்சியதை ஈவது இரக்கம். உலைக்கு முன் எடுத்த பிடியோ, வறியவளும் தன் சபைக்கு உரியவளாக நிற்கும் உரிமை. அவ்வுரிமையைத்தான் என் பாட்டியார் அன்று தலையில் சுமந்து சென்றார்.