தமாலேயில் பன்றிக்கொழுப்புக்கு மாற்று

மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் தொடங்கி, பிப்ரவரி 2-இல் வரும் கந்தெலாரியா திருநாள் வரை தமாலே இல்லாத வீடு அரிது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவில் பன்றிக்கொழுப்பைச் சேர்த்துப் பிசைவர். உள்ளே இறைச்சி வைத்து, சோளக்கதிரின் மடலில் பொதிந்து ஆவியில் அவிப்பர். அந்தச் சுண்ணாம்பினால் மாவில் கால்சியம் கூடுகிறது. நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் எளிதில் ஏற்கிறது. ஆகவே மாற்ற வேண்டியது மாவை அன்று, கொழுப்பையே.

தாவரப் பொருள்தானே என்று தேங்காய் எண்ணெயைச் சேர்ப்போர் உண்டு. பன்றிக்கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. தேங்காய் எண்ணெயிலோ 80-க்கும் மேல்! இதய நோயாளிகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தகும். மாவு மென்மை பெற, காய்கறி வேகவைத்த நீரையும் சிறிது பேக்கிங் பவுடரையும் சேர்த்து நன்கு அடித்துப் பிசைய வேண்டும். இறைச்சிக்குப் பதிலாகக் கறுப்பு பீன்ஸும் காளானும் வைக்கலாம். காளான் சேர்ந்ததே சுவை மிக்கது என்பேன்.

நீரிழிவு உள்ளோர் தமாலேயையே அவ்வேளையின் மாவுணவாகக் கொள்க; உடன் சோறோ ரொட்டியோ வேண்டா. பீன்ஸில் பொட்டாசியம் மிகுதியாதலால், சிறுநீரகம் பழுதுற்றோர் அதன் அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே உண்ண வேண்டும்.